எடை காட்டாத அறிவுரைகள்: வீட்டு மின் சிக்கனம் பற்றி ஒரு மதிப்பீடு

கோடை பிறந்தால் கூடவே மின் சிக்கன அறிவுரைகளும் பிறந்துவிடுகின்றன. செய்தித்தாள்கள் அவற்றைப் பெட்டி கட்டி வெளியிடுகின்றன. மின் அலுவலகச் சுவர்களில் அவை ஒட்டப்படுகின்றன. ஏர்கண்டிஷனர் விற்கும் கடைகளில் துண்டுத்தாள்களாக வழங்கப்படுகின்றன. அவற்றின் சாரம் பெரும்பாலும் ஒன்றே. ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், ஐந்து நட்சத்திரக் கருவியை வாங்குங்கள், தண்ணீர் மோட்டாரை வீணாக ஓட்டாதீர்கள், இரவில் சன்னல்களைத் திறந்து வையுங்கள், செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள் என்பனவே அவை. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இரண்டு அறை வீட்டில் வாழும் ஒரு குடும்பம் இவற்றை வரிக்கு வரி கடைப்பிடித்த பின்னரும் கட்டணம் குறையவில்லை என்று வருந்துவதை நாம் காண்கிறோம். பிழை குடும்பத்திலா, அறிவுரையிலா? பௌதிகத்தின் துணை கொண்டு இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் முன்வைக்கும் குறைகள் மூன்று. முதலாவது, இந்த அறிவுரைகள் அளவைச் சொல்வதில்லை. இரண்டாவது, அவை இடத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாவது, அறிவுரையைச் செயற்படுத்தும் உரிமை யார் கையில் உள்ளது என்று அவை கேட்பதில்லை. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அளவு இல்லாத பட்டியல்

மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசியையும் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தையும் ஒரே விலைக்கு யாரும் கேட்பதில்லை. மின் சிக்கனப் பட்டியலோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் தருகிறது. உண்மையான எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்வாரியம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் 60 நாட்களையே நம் அளவாகக் கொள்வோம். ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவு என்பது வாசகர்கள் அறிந்ததே.

செல்போன் சார்ஜர் சும்மா செருகியிருக்கும்போது இழுப்பது ஒரு வாட்டில் சிறு பகுதி. அதை 0.2 வாட் என்று கொண்டால், 60 நாட்கள் இரவு பகலாகச் செருகியே வைத்திருந்தாலும் ஏறத்தாழ 0.3 யூனிட்தான் செலவாகும். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் 600 வாட் இழுத்து நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 18 யூனிட். பழைய வகைக் கூரை மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. நாளுக்கு 15 மணி நேரம் சுழன்றால் அதற்கு 67 யூனிட்டுக்கு மேல் தேவை. ஒரு டன் ஏ.சி. சராசரியாக 600 வாட் இழுத்து இரவில் 8 மணி நேரம் ஓடினால் 288 யூனிட்.

வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்வதற்கு முன், வீட்டில் அதிக மின்சாரம் இழுப்பது எது என்று கேட்டால் மாணவர் சிலர் தண்ணீர் மோட்டாரையே சொல்கின்றனர். காரணம் எளிது, மோட்டார் சத்தம் போடுகிறது, விசிறி சத்தம் போடுவதில்லை. ஓசையைக் கொண்டு ஆற்றலை அளக்கும் இந்த மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டிய அறிவுரைப் பட்டியல், அளவைச் சொல்லாமல் விட்டு அதையே வளர்க்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று ஒருவர் அமைதி கொள்வாரானால் அந்தப் பட்டியல் அவருக்குத் தீமையே செய்திருக்கிறது.

பழைய விசிறிக்குப் பதிலாக 30 வாட் போதுமான பி.எல்.டி.சி. விசிறி ஒன்றைப் பொருத்தினால் மேற்கண்ட கணக்கில் 60 நாட்களுக்கு 40 யூனிட் மிச்சம். தண்ணீர் மோட்டாரை அடியோடு நிறுத்தினாலும் கிடைக்காத மிச்சம் இது. எனினும் பட்டியல்களில் விசிறிக்கு உரிய இடம் அரிதாகவே கிடைக்கிறது.

அயல்நாட்டு நீச்சல் குளமும் நம் மேல்தொட்டியும்

மேலைநாடுகளில் வெளியாகும் வீட்டு மின் சிக்கனக் குறிப்புகளில் ஏ.சி.க்கு அடுத்தபடியாக நீச்சல் குளத்துப் பம்பு இடம் பெறுவதுண்டு. குளத்து நீரை வடிகட்டி வழியே நாள்தோறும் பல மணி நேரம் சுழற்றும் பம்பு அது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய பம்புகளுக்கான ஆற்றல் திறன் விதிகள் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. வேகத்தை மாற்றக்கூடிய பம்புகள் அதனால் பரவின. அங்கே சொல்லப்படும் அறிவுரை, பம்பை மெதுவாக, நெடுநேரம் ஓட்டுங்கள் என்பது. நம் பக்கத்தில் நீச்சல் குளம் ஏது? ஆனால் மோட்டார் உண்டு. எனவே இந்த அறிவுரையை அப்படியே பெயர்த்து, வேகம் குறைந்த மோட்டார் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்மிடம் சொல்வோரும் உள்ளனர். இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது.

குளத்து நீர் சுற்றி வந்து புறப்பட்ட மட்டத்திற்கே திரும்புகிறது. அது உயரம் ஏறுவதில்லை. பம்பு போராடுவது குழாயின் உராய்வோடு மட்டுமே. மையவிலக்குப் பம்பில் வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவு பாதியாகும். தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடியை ஒட்டி எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு நாலில் ஒரு பங்குதான். குளத்தைப் பொறுத்தவரை இது நல்ல அறிவுரை.

நம் வீட்டில் நீர் தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு, ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பம்பு தரும் அழுத்தம் வேகத்தின் இருமடியை ஒட்டி மாறும். முழு வேகத்தில் 24 மீட்டர் உயரம் வரை தள்ளக்கூடிய பம்பு பாதி வேகத்தில் 6 மீட்டர்தான் தள்ளும். அதாவது நீர் முதல் மாடி வரை ஏறி அங்கேயே நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியில் ஒரு சொட்டும் விழாது. குளத்திற்குப் பொருந்திய உண்மை மேல்தொட்டிக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த 10 மீட்டரே காரணம்.

அப்படியானால் நம் மோட்டாரில் மிச்சம் பிடிக்க வழியே இல்லையா? உண்டு. 1000 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 98,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே இந்த வேலைக்கு உண்மையில் வேண்டியது 0.027 யூனிட் மட்டுமே. நம் எடுத்துக்காட்டு மோட்டார் அரைமணியில் 1000 லிட்டர் ஏற்ற 0.3 யூனிட் செலவழிக்கிறது. பத்தில் ஒரு பங்குகூட நீரை உயர்த்தப் பயன்படவில்லை. மீதி மோட்டாரின் சூட்டிலும், பம்பின் உள்ளே நீர் சுழலும் வீணிலும், குழாயின் உராய்விலும் போகிறது. குழாயின் விட்டம் சிறிது கூடினாலும் உராய்வு வெகுவாகக் குறையும். ஒரே அளவு நீர் பாயும்போது உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதே காரணம். முக்கால் அங்குலக் குழாயை ஒரு அங்குலக் குழாயாக மாற்றினால் உராய்வு நாலில் ஒரு பங்குக்கும் கீழே வரும். தேவையற்ற வளைவுகளைக் குறைப்பதும், கசியும் புட்வால்வை மாற்றுவதும், தொட்டி நிரம்பியதை உடனே அறிய மிதவைச் சுவிட்சு வைப்பதும் பயன் தரும். இவை அனைத்தையும் செய்தால் 18 யூனிட்டில் சில யூனிட்டுகள் மிச்சமாகும். செய்யத் தக்கதே, ஆயினும் ஏ.சி.யின் 288 யூனிட்டுக்கு முன் அதன் இடம் எது என்பதை மறக்கக் கூடாது.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

இனி ஏ.சி.க்கு வருவோம். மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2006-இல் நட்சத்திர முத்திரையைத் தொடங்கியது. 2010 முதல் அறை ஏ.சி.களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பண்பை ஒரு சிறு அட்டையில் தெரியச் செய்தது பெரும் தொண்டு. அதை மறுப்பதற்கில்லை. அந்த அட்டை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதையும் அறிந்தால்தான் அதனால் முழுப் பயன் உண்டு.

முதலாவதாக, நட்சத்திரம் நிலையான அளவன்று. 2018-இல் கட்டாயமான பருவகாலத் திறன் விகிதத்தின்படி 4.5 பெற்ற ஸ்பிளிட் ஏ.சி. ஐந்து நட்சத்திரக் கருவி. 2022 ஜூலையில் அளவுகோல் உயர்த்தப்பட்டு ஐந்து நட்சத்திரத்திற்கு 5.0 வேண்டும் என்று ஆனது. அதே 4.5 கருவி நான்கு நட்சத்திரத்திற்கு இறங்கியது. ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதை விட, அட்டையில் அச்சிட்டுள்ள விகித எண்ணைப் பார்ப்பதே அறிவுடைமை. விகிதம் 4 உள்ள கருவி 60 நாட்களில் 300 யூனிட் இழுத்தால் விகிதம் 5 உள்ளது 240 யூனிட் இழுக்கும். வேறுபாடு 60 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் 360 ரூபாய். கடையில் இரு கருவிகளின் விலை வேறுபாட்டை இந்த 360-ஆல் வகுத்தால், கூடுதல் விலை எத்தனை கட்டணத் தவணைகளில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். கடைக்காரரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. வகுத்தல் கணக்கு போதும்.

இரண்டாவதாக, அட்டையில் காணும் ஆண்டுச் செலவு 1600 மணி நேர ஓட்டத்திற்கானது. நம் கடற்கரையில் மார்கழி, தை தவிர்த்து ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இரவில் ஏ.சி. ஓடும் வீடுகள் உள்ளன. 300 இரவு, இரவுக்கு 8 மணி என்றால் 2400 மணி நேரம். அட்டையின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது குறையே பெரியது. அந்த விகிதம் நாட்டின் பல ஊர்களின் தட்பவெப்பத்தைக் கலந்து, வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை மாறுவதாகக் கொண்டு கணிக்கப்படுகிறது. சோதனை அறையின் உள்நிலை 27 டிகிரி உலர் வெப்பம், 19 டிகிரி ஈர வெப்பம். இது ஏறத்தாழ பாதி ஈரப்பதம். இராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருவில் வாழ்பவர், வைகாசி இரவில் தம் அறையில் பாதி ஈரப்பதம்தான் உள்ளது என்றால் சிரிப்பார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு நம் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, சென்னையை வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் சேர்த்துள்ளது. கட்டடத்திற்குத் தெரிந்த இந்த வேறுபாடு ஏ.சி. அட்டைக்குத் தெரியவில்லை.

ஈரம் என்னும் மறைந்த சுமை

ஏர்கண்டிஷனர் பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திற்காக அதை வடிவமைத்தார். ஈரத்தால் தாள் விரிந்து வண்ண அச்சு விலகிப்போனதே அங்கே சிக்கல். காற்றிலுள்ள ஆவியை நீராக்க அதன் உள்ளுறை வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு அது ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல், அதாவது மூன்றில் இரண்டு யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரத்தால் மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் கருவியானால், ஒரு லிட்டர் நீருக்கு ஆகும் மின்சாரம் ஐந்தில் ஒரு யூனிட்.

வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாயின் கீழ் இரவில் ஒரு வாளியை வைத்து, காலையில் நீரை அளந்து பாருங்கள். லிட்டர் கணக்கை ஐந்தால் வகுத்தால் வருவது, ஈரத்திற்காக மட்டும் நீங்கள் செலவிட்ட யூனிட். பத்து லிட்டர் சேர்ந்திருந்தால் இரண்டு யூனிட். அடுத்த இரவு, அறைக்குள் காயப்போட்ட துணியை எடுத்துவிட்டு, கதவின் அடி இடைவெளியைப் பழந்துணியால் அடைத்து, சமையல் முடிந்து ஆவி அடங்கிய பின்னர் ஏ.சி.யைப் போட்டு மீண்டும் அளந்து பாருங்கள். வாளியில் குறையும் நீர் உங்கள் கட்டணத்திலும் குறையும். ஒரே அறையைச் சமையலுக்கும் படுக்கைக்கும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இந்த வேறுபாடு சிறிதன்று. எந்தத் துண்டுத்தாளும் இந்த வாளியைப் பற்றிச் சொல்லி நான் கண்டதில்லை.

24 டிகிரியும் ஆறு சதவீதமும்

2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி வரம்பிடும் திட்டத்தை மத்திய மின்துறை அமைச்சர் 2025 ஜூனில் அறிவித்தார். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது இவற்றோடு சேர்ந்து வழங்கும் வாய்பாடு.

சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் வெளி, உள் வெப்பநிலைகளின் வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 40 டிகிரி, உள்ளே 24 என்றால் வேறுபாடு 16. ஒரு டிகிரி கூட்டினால் அது 15 ஆகும். பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறு சதவீதம் குறையும். கடற்கரையில் கோடை இரவில் வெளியே 30 டிகிரி என்றால் வேறுபாடு 6 மட்டுமே. இரண்டு டிகிரி கூட்டி 26-இல் வைத்தால் சுவர் வழி வரும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆறு சதவீதம் என்னும் ஒரே எண் நம் இரவுக்கும் வடநாட்டு நண்பகலுக்கும் ஒருசேரப் பொருந்தாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஈரச் சுமை இதே கணக்கில் குறைவதில்லை. வெப்பநிலையைக் கூட்டி வைக்கும்போது இன்வர்ட்டர் ஏ.சி. மெதுவாக ஓடும், குளிர்ச்சுருள் அவ்வளவு குளிராது, ஈரம் குறைவாகவே இறங்கும். உடல் பிசுபிசுக்கும். நள்ளிரவில் ஒருவர் எழுந்து எண்ணை 20-க்கு இறக்குவார். அறிவுரை அதோடு தோற்றது. அதைக் காப்பாற்றும் பொருள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. விசிறியின் காற்று வியர்வையை ஆவியாக்குவதால் 26 அல்லது 27 டிகிரியிலும் உடல் இதமாக உணரும். 30 வாட் விசிறி அதைவிடப் பல மடங்கு ஏ.சி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆகவே சொல்ல வேண்டியது 24 என்பதன்று. 26-உம் விசிறியும் என்பது. விசிறியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி மருந்தைக் கொடுப்பதாகும்.

சன்னலைத் திறக்கச் சொல்பவர் எங்கே வாழ்கிறார்?

இரவில் சன்னலைத் திறந்து கடற்காற்றைப் பயன்படுத்துங்கள் என்பது சென்னையின் சில பகுதிகளுக்கு நல்ல யோசனை. வடசென்னையின் தொழிற்பகுதியில் அது வேறு பொருள் தருகிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், வல்லூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையமும் நிலக்கரியை எரிக்கின்றன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரத் தொழிலும் நடைபெறுகின்றன. துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் இரவு முழுதும் ஓடுகின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீதிக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய ஊரில் ஒரு தாய் சன்னலை மூடி வைக்கிறாள் என்றால் அது மின் வீணடிப்பன்று, தற்காப்பு. மாநிலத்திற்கு மின்சாரம் தரும் ஊரே அதன் சாம்பலுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தி, அந்த மின்சாரத்தைத் திரும்ப விலைக்கு வாங்குகிறது. அறிவுரை எழுதுவோர் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

தூசியும் கடல் உப்பும் மற்றொரு செலவை உண்டாக்குகின்றன. ஏ.சி.யின் வெளிப்பெட்டியிலுள்ள அலுமினியத் தகடுகளில் தூசி படிந்தால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும், அமுக்கி கூடுதல் அழுத்தத்தில் உழைக்க நேரும், மின்செலவு ஏறும். உப்பு அத்தகடுகளை அரிக்கிறது. நட்சத்திரம் புதிய கருவிக்கு வழங்கப்படுவது. எண்ணூரில் மூன்று கோடை கண்ட கருவிக்கு அன்று. ஆகவே இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளிப்பெட்டியை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவுவதை ஆண்டுக்கு ஒரு முறை என்றில்லாமல் அடிக்கடி செய்ய வேண்டும். உட்பெட்டியின் வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்.

தலைக்கு மேல் ஓர் அடுப்பு

நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழும் வெயில் ஏறத்தாழ 900 வாட். நூறு சதுர அடி அறையின் மேல் விழுவது 8000 வாட்டுக்கும் மேல். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் 3500 வாட். விழுவது முழுவதும் உள்ளே வருவதில்லை என்பதால்தான் நாம் பிழைக்கிறோம். எனினும் மூடாத கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை முன்னிரவு வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. படுக்கச் செல்லும் நேரத்தில் ஏ.சி. போராடுவது வெளிக்காற்றோடு மட்டுமன்று, தளத்தோடும்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெப்பத்தைச் சேமிப்பதில்லை. பகலிலேயே நேராக இறக்கிவிடும்.

தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப்போகும். சுண்ணாம்பால் இரவில் சராசரியாக 300 வாட் வெப்பம் குறைவதாக உத்தேசமாகக் கொண்டால், எட்டு மணி நேரத்திற்கு 2.4 யூனிட் வெப்பம், மின்சாரத்தில் 0.7 யூனிட், 60 நாட்களில் 40 யூனிட். பழைய சென்னை வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, அதன் மேல் தட்டோடு பதித்த மெட்ராஸ் தளம் இதே வேலையை ஏ.சி. வருவதற்கு முன்பே செய்துவந்தது. தெலுங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

வீடுகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பும் 2018-இல் நம் நாட்டில் வெளியாயிற்று. கூரை வழியே ஒரு டிகிரி வேறுபாட்டிற்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3-க்கும் மேல். நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே உரியது. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டுக்கு மேல் மனை வைத்திருப்பவர் இராயபுரத்தில் எத்தனை பேர்? தலைக்கு மேல் அடுப்பு எரியும் வீடுகளெல்லாம் விதிக்கு வெளியே நிற்கின்றன.

படிக்கட்டுக் கட்டணம்

மிச்சமாகும் யூனிட்டின் விலை எல்லா இடத்திலும் ஒன்றன்று. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 2022 செப்டம்பரில் வந்த கட்டண வரிசையை எடுத்துக்கொள்வோம். வீதங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் படிக்கட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டும். 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டியவருக்கோ 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50, 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்.

500 யூனிட்டுக்குக் கட்டணம் 1725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஒரு குடும்பம் இந்த எல்லையில் நின்றால் ஒரு விசிறியை மாற்றுவது, ஒரு தளத்திற்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஒரு கதவிடுக்கை அடைப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே எல்லைக்குக் கீழே இறக்கப் போதும். மாதத்தில் இருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் விலையில்லாத கருவி. எந்த அறிவுரைப் பட்டியலிலும் இதுவே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு மாறாகச் சந்தைகளில் செருகினால் போதும், கட்டணம் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டியை விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு மின்தேக்கியும் ஒரு சிறு விளக்கும். மின்தேக்கி, மின்னோட்டத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டைத் திருத்தும். மின்னோட்டம் சிறிது குறையவும் கூடும். நம் வீட்டு மீட்டர் அளப்பதோ உண்மையில் செலவான ஆற்றலை. அது மாறாது. பெட்டியின் விளக்கு எரிவதற்கான செலவுதான் கூடும்.

யார் கையில்?

கடைசிக் குறை இதுவே. வடசென்னையில் வாடகைக் குடித்தனங்கள் மிகுதி. பல இடங்களில் ஒரே இணைப்பிலிருந்து துணைமீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்குகிறார். அப்படி வாங்கும்போது இலவச 100 யூனிட்டும் கீழ்ப்படி வீதமும் குடியிருப்பவரைச் சேர்வதில்லை. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் உரிமையும், குழாயை மாற்றும் உரிமையும் அவருக்கில்லை. அடுக்குமாடிகளின் பொது மோட்டாருக்குத் தனி வீதம். 2023 நவம்பர் முதல் பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அது 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைக்கப்பட்டது. இந்தச் சலுகை தம் குடியிருப்புக்குக் கிடைத்துள்ளதா என்று பராமரிப்புத் தொகை கொடுப்போர் கேட்டறிய வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்தால் நம் பகுதி வீட்டுக்குப் பொருந்தும் வரிசை இப்படி அமையும். முதலில் மீட்டரைக் குறித்து எல்லையை அறிதல், இரண்டாவது ஏ.சி.யை 26-இல் வைத்து விசிறியோடு ஓட்டுதல். மூன்றாவது பழைய விசிறியை மாற்றுதல். நான்காவது தளத்திற்குச் சுண்ணாம்பு. ஐந்தாவது ஈரம் புகும் வழிகளை அடைத்தலும் வெளிப்பெட்டியைக் கழுவுதலும். ஆறாவது தண்ணீர் மோட்டார். சார்ஜர் கடைசியில் வரட்டும்.

அறிவுரை வழங்குவோரிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. ஏ.சி. அட்டையில் ஈரமண்டலத்திற்கெனத் தனி எண் ஒன்றை அச்சிடலாம். மின்கட்டணக் குறுஞ்செய்தியில், அடுத்த படிக்கு இன்னும் எத்தனை யூனிட் உள்ளது என்று ஒரு வரி சேர்க்கலாம். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைகளின் தளத்திற்கும் ஓர் எளிய விதி வகுக்கலாம். துண்டுத்தாளில் ஒவ்வோர் அறிவுரைக்கும் எதிரே இரு மாதத்தில் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று ஓர் எண்ணை எழுதலாம். அந்த எண்ணை எழுத முயலும்போதே எந்த வரியை நீக்க வேண்டும் என்பது எழுதுபவருக்கே விளங்கிவிடும்.